மூன்று பேர் என்றே சொல்லிப் பழகிய வாய்

என் கணவர் போலீஸ் சௌக்கியில் முதல் நாள் சொன்னது ஒரே ஒரு பொய்தான். ஆட்டோவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, மூன்று பேர் என்று சொல்லிவிட்டார். அது பொய் என்று அவருக்கே தோன்றியிருக்காது. அந்தக் கேள்விக்கு அவர் வாயிலிருந்து வேறு பதில் வந்து நான் கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. அவர் தேஹு ரோடு ஸ்டேஷனிலிருந்து கடைவீதி வழியாகப் பட்டாளத்து டெப்போ குவார்ட்டர்ஸ் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பர்மிட்டில் மூன்று பேர்தான். ஆனால் லோக்கல் ரயில் வந்து நின்றால் மூன்று பேரோடு கிளம்புகிற ஆட்டோ எங்கள் ஸ்டாண்டில் ஒன்றுகூட கிடையாது. பின் சீட்டில் நாலு பேர். டிரைவர் முதுகுக்குப் பின்னால், சீட்டைப் பார்த்தபடி ஒரு பலகை போட்டிருப்பார்கள், அதில் ஒருவர். டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். டிராபிக் போலீஸ் கை காட்டினால் முன்னால் இருக்கிற இரண்டு பேரும் இறங்கி, தாங்கள் பாட்டுக்கு நடந்து போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். திருப்பம் தாண்டி மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். எத்தனை பேர் என்று போலீஸ் கேட்டால் டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில். மூன்று.

அன்றைக்குக் காணாமல் போனது ஒரு பை. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் புனாவில் பட்டுப்புடவையும் நகையும் வாங்கிக்கொண்டு லோக்கலில் வந்து, எங்கள் ஆட்டோவில் ஏறி, கடைவீதியில் ஸ்வீட்டுக்கு ஆர்டர் கொடுக்க இறங்கியிருக்கிறார். கடைக்குள் போன பிறகுதான் கையில் பை இல்லை என்று தெரிந்தது. நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டாண்டுக்கு வந்து, "அண்ணா, சாஹேப் கூப்பிடறார், சும்மா என்கொயரி" என்று சொல்லி, இவரை இவருடைய ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஆட்டோவைச் சௌக்கி வாசலில் வேப்ப மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வந்தவரிடம், "இன்னா பைங்க அது? இன்னா கேட்டாங்க?" என்று கேட்டேன்.

"ஏதோ பையாம். நகையாம். எனக்கு இன்னா தெரியும்? முதுவுல கண்ணா வெச்சிகினு ஓட்டறேன்?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வீட்டில்தான் பேசவில்லை. சௌக்கியில் நன்றாகவே பேசியிருக்கிறார். அவருக்குக் கதை சொல்லுகிற வாய். ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்குள் ஒரு கதையைத் தொடங்கி முடித்துவிடுவார், அடுத்த சவாரியில் அதே கதை வேறு மாதிரி வரும். கேட்கிறவர்கள் சிரிக்கிறவரைக்கும் அதில் தப்பு ஒன்றும் இல்லை. போலீஸ் எழுதி வைத்துக்கொள்கிறார்களே. முதல் நாள் மூன்று பேர் என்றார். புகார் கொடுத்தவர் வந்து, இல்லை சாஹேப், என் முழங்கால் மடங்கக்கூட இடமில்லாமல் கூட்டம் என்று சொன்னதும், இரண்டாம் நாள் இவர் நாலு பேர் என்றார். மூன்றாம் நாள் ஐந்து. நாலாவதாக இருந்தது யார் என்று கேட்டால் ஒரு நாள் பால்காரர், இன்னொரு நாள் பள்ளிக்கூட வாத்தியார்.

"நாளைக்கு வந்தா பஸ் ஓட்டினேன்னு சொல்லுவே" என்றாராம் சப் இன்ஸ்பெக்டர். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு ராத்திரிக்குத் துணியும் எடுத்துகிட்டு வந்துடு, அண்ணா" என்றாராம்.

இதை இவர் எனக்குச் சொல்லவில்லை. ஸ்டாண்டில் இருக்கிற இன்னொரு டிரைவரின் மனைவி, குழாயடியில் சொன்னாள். உள்ளே வைத்துவிட்டார்கள் என்றால் பேட்ஜ் போய்விடும். பேட்ஜ் போனால் ஆட்டோ ஓட்ட முடியாது. அதைவிட, கல்யாண நகையைத் திருடினவன் என்ற பேர் ஒட்டிக்கொண்டால், எங்கள் வரிசை வீடுகளில் அதைக் கழுவ ஒரு ஆயுசு போதாது.

"ஒரு வக்கீலைப் பாக்கலாங்க" என்றேன்.

"வக்கீலா? தப்பு பண்ணவன்தான்மே வக்கீல் வெப்பான். நான் வக்கீலோட போனா, அவன் இன்னா நெனைப்பான்? எடுத்துட்டான், அதான் வக்கீலோட வந்துகிறான்னு நெனைக்க மாட்டான்?"

ஸ்டாண்டில் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் எங்கள் ஆட்டோவில் தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வருகிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருப்பார். பிம்ப்ரி கோர்ட்டில் வக்கீல். மராத்திக்காரர், என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர்.

மறுநாள் காலையில் இவர் சௌக்கிக்குக் கிளம்புவதற்கு முன்பே, ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. லோக்கல் வந்தது. அவர் லேடீஸ் பெட்டியில் ஏறினார், நானும் ஏறினேன். எதற்கும் இருக்கட்டும் என்று பிம்ப்ரி வரைக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். ஆகுர்டி வந்தது, பேசவில்லை. சின்ச்வாட் வந்தது. இன்னும் ஒரே ஸ்டேஷன்தான், அந்த அம்மா இறங்கிப் போய்விடுவார் என்று வந்ததும், எனக்குத் தெரிந்த ஹிந்தி அத்தனையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். கூடக் கொஞ்சம் தமிழும் கலந்து போயிருக்கும்.

அவர் முழுக்கக் கேட்டார். அவர் பேசியது, மற்றவர்கள் பேசியது எல்லாம் ஹிந்தியும் மராத்தியும்தான். எனக்குப் புரிந்ததை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"பிளாட்பாரத்துல சொல்லியிருக்கலாமே, வஹினி" என்றார். அண்ணி என்கிற மாதிரி, அங்கே பெண்களைக் கூப்பிடுகிற முறை அது.

"அங்கே கூட்டமா இருந்தது" என்றேன்.

அவர் அந்தப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளின் முழங்கை என் விலாவில் இருந்தது. சிரித்துவிட்டார். பிம்ப்ரியில் இறங்கி, டெலிபோன் பூத்துக்குப் போய் யாருக்கோ போன் செய்து, தன் காலை வேலையை இன்னொரு வக்கீலிடம் ஒப்படைத்தார். எதிர்ப்பக்க லோக்கலில் இருவரும் திரும்பி வந்தோம்.

சௌக்கியில் இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும், அப்புறம் எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்ததும், இவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"ரேஷன் கடையில இதுதான் போட்டாங்களா?" என்றார் என்னிடம், மெதுவாக.

சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலேயிருந்து அவரை நெருக்கியிருப்பார்கள், கல்யாணத்துக்கு நாள் இல்லை. "மேடம், இது சும்மா என்கொயரி. இதுக்கு எதுக்கு வக்கீல்?" என்றார்.

"சும்மா என்கொயரிக்கு எதுக்குச் சங்கிலி? எதுக்கு நாலு நாள்? எதுக்கு மடியில துணிப்பை?" என்றார் வக்கீலம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "சந்தேகப்பட்டுக் கேக்கறீங்க. அப்படிக் கேக்கும்போது வக்கீலைப் பாக்கற உரிமை அவருக்கு இருக்கு. உங்க சுவத்துலயே எழுதி இருக்கே." சுவரில் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. போய் அதை ஒரு விரலால் நகர்த்தினார். பின்னால் மராத்தியில் வரிசையாக எழுதிய ஒரு பலகை இருந்தது.

"அது கைதானவனுக்கு, மேடம். இவரை நாங்க இன்னும் கைது பண்ணலை."

"கைது இல்லையா? அப்ப இவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். போகட்டுமா?"

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கான்ஸ்டபிளும் சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு பேசி முடிவு செய்தார்கள். விசாரிக்கும்போது வக்கீலம்மா நடுவில் பேசக் கூடாது. வாசல் பக்கத்தில், இவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். இவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எழுந்து வந்து கேட்கலாம். அதற்கு முன்னால் தனியாகப் பத்து நிமிஷம் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பத்து நிமிஷம் வேப்ப மரத்தடியில் நடந்தது. நானும் இருந்தேன்.

"எத்தனை பேர் இருந்தாங்க, அண்ணா?"

"மூணு பேர், மேடம்."

"தினமும் காலைல நான் உங்க பலகைல உக்காந்து வரேன். என்னைச் சேத்து எத்தனை பேர்?"

இவர் மரத்தைப் பார்த்தார். "அது... நீங்க ஒல்லியா இருக்கீங்க, மேடம். உங்களைக் கணக்குல எடுக்கறதில்லை."

"அண்ணா, கேளுங்க. அதிகமா ஆள் ஏத்தினா அபராதம், ஒரு சீட்டு கிழிப்பாங்க. நகை திருடினா ஜெயில். ஒரு சீட்டுக்குப் பயந்து ஜெயிலுக்குப் போற ஆளை நான் இத்தனை வருஷத்துல பாத்ததில்லை. மூணு, நாலு, அஞ்சுன்னு நீங்க ஏத்திகிட்டே போறதைப் பாத்தா யாருக்கும் சந்தேகம்தான் வரும். ஒரே தடவை உண்மையைச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. கதை வர மாதிரி இருந்தா என்னைப் பாருங்க. எந்தப் பேப்பர்லயும் நான் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க."

இவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஏழு" என்றார்.

உள்ளே விசாரணை நடந்தது. நான் வெளியே படிக்கட்டில் நின்றேன், கதவு திறந்துதான் இருந்தது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை, ஆனால் தலைகள் தெரிந்தன. சப் இன்ஸ்பெக்டர் ஏதாவது கேட்பார். இவர் வாயைத் திறப்பார். உடனே கழுத்தை வாசல் பக்கம் திருப்புவார். வக்கீலம்மா சும்மா உட்கார்ந்திருப்பார். இவர் வாயை மூடிக்கொண்டு, மறுபடியும் திறந்து, ஒரே வார்த்தையில் பதில் சொல்லுவார். இப்படி ஒரு இருபது தடவை நடந்தது. கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் எனக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அண்ணா, அவங்க வக்கீலா, டிராபிக் சிக்னலா?"

ஆனால் ஏழு என்று எழுதிக்கொண்டார்கள். யார் யார் என்று கேட்டதற்கு, வெளியே எனக்கும் கேட்கும்படி, "எனக்குத் தெரியலை. நான் ரோட்டைப் பாத்து ஓட்டறேன். ஏழாவது ஆள் என் பொண்டாட்டி. பலகைல உக்காந்து வந்தா, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

உண்மைதான், அன்றைக்குப் பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறியோடு அதே லோக்கலில் வந்து, அந்த ஆட்டோவில் நானும் இருந்தேன். நாலு நாளாக யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்ன பை என்றுகூட எனக்குத் தெரியாது.

"அவங்களை உள்ளே கூப்பிடு" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

வக்கீலம்மா எழுந்தார். "கூடாது, சாஹேப். பொம்பளை சாட்சியைச் சௌக்கிக்குக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும். அதுவும் சட்டம்."

"அதுவும் சுவத்துல எழுதியிருக்கா?"

"இல்லை. அதுக்கு இன்னொரு காலண்டர் வாங்கணும்."

அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன் அறை ஒன்றுதான், பின்னால் சமையல் கட்டு. சப் இன்ஸ்பெக்டர் கட்டிலில், கான்ஸ்டபிள் ஸ்டூலில் காகிதத்தோடு. இவர் வாசலில் நின்றார். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அந்த நேரத்தில் எங்கள் வாசல் வழியாகத்தான் வேலை இருந்தது. ஒருத்தி மூன்று தடவை தண்ணீர்க் குடத்தோடு போனாள், மூன்று தடவையும் குடம் காலி. நான் சமையல் கட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன், வக்கீலம்மா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பயப்படாதீங்க. யார் யார் இருந்தாங்க? முகம் ஞாபகம் இருக்கா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"முகம் பாக்கலை" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். முன்பின் தெரியாதவர்கள் முகத்தை நான் பார்க்கிறதில்லை. அதுவும் அந்தப் பலகையில் உட்கார்ந்தால், எதிரில் நாலு பேர் ஒரு முழத்துக்குள் இருப்பார்கள். தலையைக் குனிந்துகொள்வேன். காலைத்தான் பார்ப்பேன். அதையே சொன்னேன்.

"சரி, காலைச் சொல்லுங்க" என்றார், வேறு வழியில்லாமல்.

சொன்னேன். முதலில் மெதுவாகத்தான் வந்தது. இடது ஓரம் புதுக் கறுப்பு பூட்ஸ், பட்டாளத்துக்காரர். பக்கத்தில் ஒரு பெண்ணின் கால், சுற்றிலும் சிவப்புச் சாயம் பூசி, புதுசாகக் கல்யாணமாகி வந்தவள். அவர்களுக்குக் கீழே இரும்புப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, இரண்டு மூன்று பை. அடுத்தது எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வலது ஓரம் பழுப்பு ஷூ, லேஸ் அறுந்து நடுவில் முடிச்சுப் போட்டது.

"அவர்தான்" என்று கான்ஸ்டபிள் எழுதுவதை விட்டுவிட்டுச் சொன்னார். "புகார் கொடுத்தவர். இன்னும் அதே லேஸ்தான் கட்டியிருக்கார்."

சப் இன்ஸ்பெக்டர் கட்டிலின் நுனிக்கு வந்துவிட்டார். "நீல ரெக்சின் பை ஒண்ணு. ஜிப்புல மஞ்சள் நூல் கட்டியிருக்கும். பாத்தீங்களா?"

அப்போதுதான் அது என்ன பை என்று எனக்குத் தெரிந்தது. அந்த மஞ்சள் நூல் என் காய்கறிப் பையில் மாட்டி, நானே எடுத்து விட்டிருந்தேன். பழுப்பு ஷூக்காரர் இறங்கின பிறகும் அந்தப் பை அங்கேதான் இருந்தது. அதற்கு அப்புறம் அதை எடுத்தது யார் என்பதும் என் கண்ணில் இருந்தது.

வக்கீலம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் சப் இன்ஸ்பெக்டரிடம், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு என்னோடு சமையல் கட்டுக்குள் வந்தார்.

"அதை எடுத்தது இவர்தான்" என்றேன் அவர் காதில்.

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அவர் முகம் மாறியது. "எடுத்து என்ன பண்ணினார்?"

"குவார்ட்டர்ஸ் கேட்டுல பட்டாளத்துக்காரங்க இறங்கினாங்க. அந்தப் பொண்ணால தூக்க முடியலை. இவர் இறங்கிப் போய் ஒவ்வொண்ணா எடுத்துக் கீழே வெச்சார். இந்தப் பையையும் எடுத்து அந்தக் குவியல் மேலேயே வெச்சுட்டார். நான் அவங்களோடதுன்னு நினைச்சேன். இதைச் சொன்னா இவரைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "இதைத்தான் சொல்லணும், வஹினி. இப்படியே, இதே மாதிரி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

வெளியே வந்து சொன்னேன். வாசலில் நின்ற இவர்தான் முதலில் பேசினார்.

"நானா? நானா வெச்சேன்?" என்றார். நெற்றியைத் தடவினார். "ஆமாமே. அந்தப் பொண்ணு கூட தன்யவாத்னு சொல்லிச்சே. இதை நாலு நாளா எங்கிட்ட சொல்லலியே நீ."

"நீங்க இன்னா பைன்னு சொன்னீங்களா?" என்றேன். போலீஸ் முன்னால் அவரை எதிர்த்துப் பேசிவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது.

சப் இன்ஸ்பெக்டர் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து குவார்ட்டர்ஸுக்குப் போனார். நாங்கள் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் இருக்கும். வக்கீலம்மாவும் போகவில்லை. இவர் உள்ளேயும் வெளியேயும் நடந்தார். பை அங்கே இல்லாமல் போனால், கையால் தொட்டவர் இவர் ஒருவர்தான் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அந்தத் தம்பதிக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் ஒதுக்கவில்லையாம். தெரிந்தவர் வீட்டில் தங்கி, சாமானையெல்லாம் கட்டிலுக்கடியில் பிரிக்காமல் தள்ளி வைத்திருந்தார்களாம். நீலப் பை அங்கே இருந்தது, மஞ்சள் நூல் போட்ட முடிச்சு போட்டபடி. அது மனைவியுடையது என்று புருஷன் நினைத்திருக்கிறார், புருஷனுடையது என்று மனைவி நினைத்திருக்கிறாள். கல்யாணமாகி மூன்று வாரம், பிரித்துப் பார்க்க இரண்டு பேருக்குமே கூச்சம்.

மறுநாள் ஆட்டோவை எடுக்கப் போனோம். வக்கீலம்மா ரயிலுக்குப் போகிற வழியில் சௌக்கிக்கு வந்தார். சப் இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார், ஆட்டோவைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லி. இவர் பேனாவை வாங்கவில்லை. "மேடம் படிக்கட்டும்" என்றார். வக்கீலம்மா ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் படித்துச் சொன்னார். நடுவில் இவர், "அந்த வரியை இன்னொரு தபா" என்றார். நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்தவர், இப்போது நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். முடிந்ததும் இவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த காகிதம் ஏழு பேரை ஏற்றினதற்கு அபராதச் சீட்டு. அதையும் படிக்கச் சொன்னார். அதில் ஒரு தப்பும் இல்லை என்று வக்கீலம்மா சொன்னதும் முகம் சுருங்கிப் போய் அதிலும் போட்டார்.

சங்கிலியை அவிழ்த்தார்கள். அஞ்சு நாள் நின்ற வண்டி, கிளப்பினால் கிளம்பவில்லை. நான் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வந்து தள்ளினார். போதவில்லை. சப் இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், ரோட்டில் பெரிய அதிகாரி யாரும் வரவில்லை. அவரும் வந்து கை வைத்தார். வக்கீலம்மா படிக்கட்டில் நின்று, "இன்னும் கொஞ்சம், சாஹேப்" என்றார்.

டெப்போ சுவர் முடிகிற இடத்தில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.